பவுன் என்பது முதலில் ஒரு காசு

தங்கம் விலை கேட்கிற தமிழர் கிராமோடு நிறுத்துவதில்லை. பவுன் எவ்வளவு என்று கேட்டால்தான் மனசுக்குக் கணக்குப் பிடிபடும். கல்யாணப் பேச்சில் பவுன், நகைச் சீட்டில் பவுன், அடகுக்கடை ரசீதில் பவுன். இப்போது அது 8 கிராம் என்ற எடையின் பெயராக மட்டும் நிற்கிறது. ஆனால் பவுன் முதலில் ஒரு காசு. அதுவும், இன்றைக்குப் புல்லியன் காசு என்று உலகம் எதைச் சொல்கிறதோ அந்த வகைக் காசு.

பவுண்டு நம் வாயில் பவுன் ஆனது. அந்தக் காசின் இன்னொரு பெயரான சாவரின், சவரன் ஆனது. 1817-இல் லண்டனில் அடிக்கத் தொடங்கிய தங்கக் காசு அது. ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை. மறுபக்கம் குதிரை மேல் அமர்ந்து டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ், பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கியது. எடை 7.988 கிராம், தரம் 22 காரட், அதாவது உள்ளே சொக்கத் தங்கம் 7.322 கிராம். 1899-இல் இந்தியாவிலும் அது செல்லுபடியாகும் நாணயமானது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்பது அன்றைய அரசு கணக்கு. (பதினைந்து ரூபாய். பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.)

காசு புழக்கத்தை விட்டுப் போனது, எடை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. அதையும் 8 கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். அதனால் நம்மூர் 22 காரட் பவுனில் சொக்கத் தங்கம் 7.333 கிராம் இருக்கிறது. அசல் பிரிட்டிஷ் பவுனைவிட நம் பவுனில் சொக்கத் தங்கம் ஏறக்குறைய 11 மில்லிகிராம் கூடுதல்.

சரி, புல்லியன் என்றால் என்ன? வேலைப்பாட்டுக்கோ பெயருக்கோ விலை இல்லாமல், எடைக்கும் மாற்றுக்கும் மட்டும் விலை பேசப்படும் தங்கம், வெள்ளி, பிளாட்டினம் போன்ற உலோகம். கட்டியாக இருக்கலாம், பிஸ்கட்டாக இருக்கலாம், காசாகவும் இருக்கலாம். அரசு நாணயச்சாலை ஒன்று 'இவ்வளவு எடை, இவ்வளவு சுத்தம்' என்று உறுதி சொல்லி அடித்து, உலோக விலையை ஒட்டியே விற்கப்படும் காசுதான் புல்லியன் காசு. அதன் முகத்தில் பொறித்த தொகைக்கும் அதன் விலைக்கும் சம்பந்தம் இருக்காது. அமெரிக்காவின் ஒரு அவுன்ஸ் தங்கக் கழுகுக் காசில் 50 டாலர் என்று எழுதியிருக்கும். அதை 50 டாலராக நினைத்துக் கடையில் நீட்டினால் சட்டப்படி செல்லும், நீட்டுகிறவர்தான் யாரும் இருக்கமாட்டார். பிரிட்டனில் இன்றும் சவரனின் முகமதிப்பு ஒரே ஒரு பவுண்டு. ஆனாலும் அந்த முகமதிப்பு வெறும் அலங்காரம் இல்லை. செல்லுபடியாகும் நாணயம் என்பதால் சவரனையும் பிரிட்டானியா என்ற இன்னொரு பிரிட்டிஷ் காசையும் விற்கும் அந்நாட்டவருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது.

நகைக்கடையில் லட்சுமி உருவத்தோடு வாங்குகிறோமே, அது? நாம் காசு என்கிறோம், சட்டத்தின் பார்வையில் அது ஒரு பதக்கம். அரசு அடித்ததுதான் நாணயம். அதனால் தங்கத்தின் தரம் குறைந்துவிடாது. உறுதி சொல்கிறவர் அரசு அல்ல, கடையோ சுத்திகரிப்பு ஆலையோ, அவ்வளவுதான் வித்தியாசம்.

காசை எடைக்கு எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலாக 500-க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டு விழுந்திருந்தது. 'இனி இது நாணயம் அல்ல, தங்கம் மட்டும்' என்று ஒதுக்கிய அடையாளம் அது என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள்.

ஒரு காசுக்குள் மூன்று விலை

புதிதாக வாங்குகிறவர் குழம்புகிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். எந்தக் காசின் விலையிலும் மூன்று அடுக்கு உண்டு. அடியில் உலோகத்தின் விலை. அதன் மேல் அடிக்கிற கூலி, உறை, கடைக்காரர் லாபம், வரி எல்லாம் சேர்ந்த கூடுதல். எல்லாவற்றுக்கும் மேலே, சில காசுகளுக்கு மட்டும், சேகரிப்போர் தரும் விலை. முதல் அடுக்கு விற்கும்போது திரும்ப வரும். மூன்றாவது, சரியான ஆள் கிடைத்தால் வரும். நடு அடுக்கு போனது போனதுதான்.

கணக்குக்கு வசதியாக 24 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் காசு ஒன்றில் தங்கம் 80,000 ரூபாய். கூலி நூற்றுக்கு 4 என்றால் 3,200. ஆக 83,200. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,496. நீங்கள் தருவது 85,696 ரூபாய். மறுநாள் காலையில் மனசு மாறி அதையே விற்கப் போகிறீர்கள். வாங்குகிறவர் அன்றைய விலையில் நூற்றுக்கு 2 கழிக்கிறார் என்றால் கையில் வருவது 78,400. தங்கம் விலை ஒரு பைசாகூட இறங்கவில்லை, ஆனால் 7,296 ரூபாய் காணோம். போட்ட பணம் அப்படியே திரும்பிவர, தங்கம் கிராம் 10,931 ரூபாய்க்கு ஏற வேண்டும்.

கூலியும் கழிவும் கடைக்குக் கடை மாறும். அதனால் என் எண்களைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், கணக்குப் போடும் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடையில் எல்லாரும் இன்னைக்கு என்ன ரேட்டு என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: இதே காசை இன்றைக்கு நான் கொண்டுவந்தால் எவ்வளவு தருவீர்கள்? இந்தக் கேள்விக்குத் தொகையாகப் பதில் சொல்கிற கடைதான் நல்ல கடை. 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்பது பதில் அல்ல.

காசு சின்னதாக ஆக ஆக நடு அடுக்கு தடிக்கும். அரை கிராம் காசுக்கும் அச்சு உண்டு, உறை உண்டு, சான்றிதழ் உண்டு. அந்தச் செலவு அரை கிராம் தங்கத்தின் தலையில் ஏறும். மாதம் ஒரு கிராம் காசு வாங்குவதைவிட, பணத்தைச் சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒரு முறை 10 கிராம் காசு வாங்குவது கூலியில் மிச்சம். கையில் பணம் தங்காது என்கிறவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது, அவர்கள் ஒரு கிராமே வாங்கட்டும். செய்கூலி, சேதாரம், கல் எடை என்று கழிகிற நகையோடு ஒப்பிட்டால் எந்தக் காசும் பரவாயில்லைதான். ஆனால் நகையைப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சுகத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

அவுன்ஸ் காசுகளின் கதை

உலகச் சந்தையில் தங்கம் டிராய் அவுன்ஸில் பேசப்படுகிறது. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். சமையல் குறிப்பில் வருகிற அவுன்ஸ் வேறு, அது 28.35 கிராம்தான். சரியாக ஒரு டிராய் அவுன்ஸ் சொக்கத் தங்கம் கொண்ட காசை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது தென்னாப்பிரிக்கா. தன் சுரங்கத் தங்கத்தை விற்க 1967-இல் அது க்ரூகராண்டை வெளியிட்டது. ஒரு பக்கம் பழைய டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் க்ரூகர், மறுபக்கம் ஸ்பிரிங்பாக் மான். அதில் முகமதிப்பே கிடையாது. அன்றைய தங்க விலை என்னவோ அதுதான் காசின் விலை. இந்த எளிமையால் அது சந்தையையே பிடித்துக்கொண்டது.

அப்புறம் நிறவெறி ஆட்சிக்கு எதிர்ப்பு வலுத்தது. 1985-இல் அமெரிக்கா க்ரூகராண்ட் இறக்குமதியைத் தடை செய்தது, மறு ஆண்டே தன் சொந்தக் கழுகுக் காசைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 1979-இல் கனடாவின் மேப்பிள் இலை, 1982-இல் சீனாவின் பாண்டா வந்திருந்தன. பின்னாலேயே 1987-இல் பிரிட்டானியா, 1989-இல் ஆஸ்திரியாவின் பில்ஹார்மானிக். இன்று எந்த நாட்டுத் தங்க வியாபாரிக்கும் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற காசுகள் ஏறக்குறைய இவைதான். தெரிந்த முகம் என்பதே விற்கும்போது பாதி வேலையை முடித்துவிடும்.

22 காரட்டா 24 காரட்டா என்று அடிக்கடி ஒரு சந்தேகம் வரும். க்ரூகராண்டும் கழுகும் 22 காரட், மேப்பிள் இலை 24 காரட். அப்படியானால் க்ரூகராண்டில் தங்கம் குறைவா? இல்லை. அதன் மொத்த எடையே 33.93 கிராம். அதில் செம்பைக் கழித்தால் மிஞ்சுவது சரியாக ஒரு அவுன்ஸ் சொக்கத் தங்கம். கையில் புழங்கினாலும் தேயாமலும் கீறாமலும் இருக்கச் சேர்த்த செம்பு அது, அந்தச் சிவப்புச் சாயலும் அதனால்தான். 24 காரட் காசு மிருது, நகம் பட்டாலே தடம் விழுமோ என்று பயந்து உறையிலேயே வைத்திருக்க வேண்டும். பிரிட்டானியா 2012 வரை 22 காரட், 2013 முதல் 999.9, அதாவது ஆயிரம் பங்கில் 999.9 பங்கு தங்கம், 24 காரட். ஆகவே காரட்டைப் பார்க்காதீர்கள், உள்ளே சொக்கத் தங்கம் எத்தனை கிராம் என்று பாருங்கள். விலை அதற்குத்தான்.

நம் அரசும் 2015 நவம்பரில் இந்தியத் தங்கக் காசு என்று ஒன்றை வெளியிட்டது. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி, 999 தரம், 5 மற்றும் 10 கிராமில். நகைக்கடைக் காசை அது ஓரங்கட்டும் என்று அப்போது நானும் நம்பினேன். நம் ஊர் வாடிக்கையாளருக்குக் கடைக்காரரின் முகம்தான் முத்திரை போலிருக்கிறது.

வெள்ளிக் காசைப் பற்றிச் சுருக்கமாக. விலை குறைவு என்பதால் தொடங்க எளிது, ஆனால் கூலியும் வரியும் உலோக விலையில் பெரிய பங்கைத் தின்றுவிடும், இடத்தையும் அடைக்கும், கறுக்கவும் செய்யும். மேப்பிள் இலை போன்ற சில வெள்ளிக் காசுகளில் காலப்போக்கில் பால் தெளித்ததுபோல வெள்ளைத் திட்டு வருவதும் உண்டு. எடைக்கு விற்பவருக்கு அதனால் நஷ்டமில்லை, அழகுக்கு வாங்கியவருக்குத்தான் வருத்தம்.

சேகரிப்பது வேறு

என் அத்தையிடம் மூன்று பழைய பவுன் காசு இருந்தது. அவர் மாமியாரின் காசுமாலையில் மிஞ்சியவை, தலையில் வளையம் வைத்துப் பற்றவைத்தவை. மருத்துவச் செலவுக்கு இரண்டை விற்க வேண்டி வந்தது, ஒரு நகைக்கடைக்கு நான் கூடப் போனேன். கடைக்காரர் காசில் யார் தலை இருக்கிறது, என்ன வருடம் என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. உரைத்தார், பற்றுக்கும் வளையத்துக்கும் கழித்தார், 22 காரட் விலையைப் போட்டார். அவர் செய்தது தப்பு இல்லை. அவர் வாங்குவது தங்கம்.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த மூன்றாவது காசை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். 1918. குதிரையின் காலுக்குக் கீழே தரை போல ஒரு கோடு இருக்கும், அதன் அருகில் பொடியாக ஆங்கில எழுத்து ஐ. முதல் உலகப் போர் நேரத்தில் லண்டன் நாணயச்சாலையின் கிளை ஒன்று பம்பாயில் திறக்கப்பட்டு, அந்த ஒரே வருடத்தின் எண்ணோடு சவரன் அடித்தது. இந்தியாவின் முதல் எழுத்துதான் அந்த ஐ. அதே 1918-இல் பம்பாயில் அதே எடையில் 15 ரூபாய் என்று பொறித்த தங்க மொகர் காசும் அடிக்கப்பட்டது. எழுத்து எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்பர்ன், பி என்றால் பெர்த், சி என்றால் கனடாவின் ஒட்டாவா, எஸ்ஏ என்றால் தென்னாப்பிரிக்கா. எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் லண்டன். ஒரே காசு எத்தனை கடல் தாண்டி அடிக்கப்பட்டது என்று பார்க்கத் தொடங்கினால் சேகரிப்புப் பித்து பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த எழுத்து விலையை எப்படி மாற்றும் என்பதற்கு 1917-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு சிட்னியிலும் பெர்த்திலும் அடித்தவை சாதாரண விலைக்குக் கிடைக்கும். லண்டனில் அடித்தவற்றில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டதால் அது அரிது, விலை பல மடங்கு. அதனாலேயே அதில் போலியும் அதிகம். உச்சத்துக்குப் போனால் அமெரிக்காவின் 1933 இருபது டாலர் காசு. அதில் இருக்கும் தங்கம் ஒரு அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு. 2021-இல் நியூயார்க்கில் ஏலம் போனது 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல். 1933-இல் லட்சக்கணக்கில் அடித்து, வெளியே விடாமல் உருக்கிவிட்டார்கள். தப்பியவற்றில் தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது அந்த ஒன்றுதான்.

இதெல்லாம் கேட்டு, காசு பழசாக இருந்தாலே புதையல் என்று நினைத்துவிட வேண்டாம். லட்சக்கணக்கில் அடித்த விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சவரன்கள் பெரும்பாலும் தங்க விலையை ஒட்டியே போகின்றன. அத்தையின் 1918 காசும் அப்படித்தான். கொஞ்சம் கூடுதல் கிடைத்திருக்கும், ஆனால் தலையில் வளையம் பற்றவைத்திருப்பதால் சேகரிப்பவருக்கு அது ஊனப்பட்ட காசு. நம் வீடுகளில் இருக்கும் பழங்காசுகளுக்கு இதுதான் தலையெழுத்து. அப்புறம் இன்னொன்று: பழைய காசைப் பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடாதீர்கள். நகைக்கு அது அழகு. காசின் மேல்தோல் தேய்ந்தால் மூன்றாவது அடுக்கு விலை அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் கருத்து: முதலீட்டுக்கு என்றால் மலிவான, சாதாரணமான, எல்லாருக்கும் தெரிந்த காசை வாங்குங்கள். 'வரையறுக்கப்பட்ட பதிப்பு', வண்ணம் பூசிய காசு, மரப்பெட்டியில் வருகிற கண்ணாடிப் பளபளப்புக் காசு எல்லாம் ஆசைக்கு வாங்கலாம். விற்கப் போனால் பெரும்பாலும் தங்கத்துக்கு மட்டும்தான் விலை. சேகரிக்க வேண்டுமென்றால் முதலில் ஆறு மாதம் ஏல விலைகளைப் படியுங்கள், அப்புறம் வாங்குங்கள்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

இந்தியாவில் வாங்கினால் காசிலோ உறையிலோ 999 அல்லது 995 என்ற எண், அடித்த ஆலையின் பெயர், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உறையைப் பிரிக்காதீர்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். வங்கியில் வாங்கினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வங்கி காசு விற்கும், திரும்ப வாங்காது. ரிசர்வ் வங்கி விதி அப்படி. விற்க நகைக்கடைக்குத்தான் போக வேண்டும், அங்கே வங்கியின் பெயருக்குத் தனி மரியாதை எதுவும் கிடைக்காது. காசை அடகு வைக்கலாம், ஆனால் ஆளுக்கு 50 கிராம் வரைதான் என்று வரம்பு உண்டு.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நிலைமை இலகு. 2012 அக்டோபர் முதல் அங்கே முதலீட்டுத் தங்கத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் சுத்தம் குறைந்தது 99.5 சதவீதம் இருக்க வேண்டும், அதனால் மேப்பிள் இலை அந்தச் சலுகையில் வரும், 22 காரட் க்ரூகராண்டும் சவரனும் வராது. அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க: இந்தியச் சுங்கத்தின் வரியில்லாச் சலுகை நகைக்குத்தான். காசுக்கும் கட்டிக்கும் அது இல்லை, அறிவித்து வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க முதல் ஆயுதம் தராசு, இரண்டாவது வெர்னியர் அளவுகோல். சவரன் 22.05 மில்லிமீட்டர் அகலம், 7.988 கிராம் எடை. தங்கம் அடர்த்தியான உலோகம். பித்தளை, ஈயம், வெள்ளி எதில் போலி செய்தாலும் எடை சரியாக வந்தால் காசு தடித்துவிடும், அளவு சரியாக வந்தால் எடை குறைந்துவிடும். வீட்டிலேயே இன்னொரு சோதனை செய்யலாம். மில்லிகிராம் காட்டும் சிறு தராசில் தண்ணீர் உள்ள குவளையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நல்ல சவரன் என்றால் தராசு ஏறக்குறைய 0.45 கிராம் காட்டும். 0.6, 0.7 என்று ஏறினால் சந்தேகப்படுங்கள். 24 காரட் காசில் டங்ஸ்டன் மட்டும் இந்தச் சோதனைக்குத் தண்ணி காட்டும், ஏனென்றால் அதன் அடர்த்தி சொக்கத் தங்கத்தின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கிறது. கடையில் வைத்திருக்கும் எக்ஸ்ரே காரட் மீட்டரும் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும். பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள் தெரிந்த கடையில் ரசீதோடு வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

வரி: வாங்கி 24 மாதம் கழித்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், 2024 ஜூலை 23 முதல் இதுதான் நடைமுறை. அதற்குள் விற்றால் உங்கள் வருமான அடுக்குக்கு ஏற்ற வரி. வாங்கின ரசீது இல்லையென்றால் லாபம் எவ்வளவு என்று நீங்களும் காட்ட முடியாது. விலை ஏற்றம் மட்டும் போதும், கையில் பிடிக்க வேண்டாம் என்றால் தங்க இடிஎஃப் (தங்க விலையை ஒட்டி நகரும், பங்குச் சந்தையில் வாங்கி விற்கிற நிதி) மலிவு. கூலியும் இல்லை, திருட்டுப் பயமும் இல்லை.

வைக்க இடம் என்றால் எல்லாரும் லாக்கர் என்பார்கள். லாக்கரில் தீப்பிடித்தாலோ திருட்டு போனாலோ வங்கி தரும் ஈடு, ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 3 லட்சம். உள்ளே 30 பவுன் இருந்தாலும் அதேதான். மீதிக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும்.

அத்தை எடுக்கவில்லை. அவர் காசு அரிசி டின்னிலேயே இருக்கிறது. வருடத்தையும் அந்த ஐ எழுத்தையும் காட்டி விவரம் சொன்னபோது, கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப அந்த ரெண்டுல என்ன எழுத்து இருந்துச்சு?" என்று கேட்டார். நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை.